சிடிஐ சான்றிதழுக்கு முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள்

இந்த மாதமும் ஒரு பெண் சிடிஐ வேலைக்கான நேர்காணலுக்கு வந்தார். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளி ஆவணங்களை (சார்ட்) படித்து, டாக்டர் எழுதியது தெளிவாகவும் முழுமையாகவும் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அது. கோபி பக்கம் ஊர், பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு மருத்துவமனை ஐசியுவில் வேலை பார்த்தவர். ஃபைலைத் திறந்து பளபளவென்று ஒரு சான்றிதழை எடுத்து வைத்து, "நான் சிடிஐ சர்ட்டிஃபைடுங்க மேடம்" என்றார். அதில் ஒரு பயிற்சி நிலையத்தின் முத்திரை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. 45 நாள் வகுப்பு, வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அதற்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. இப்படி வருபவர்கள் ஒருவர் இருவர் என்றால் பேசாமல் இருந்திருப்பேன்.

மருத்துவ ஆவண மேம்பாடு என்கிற சிடிஐ துறையில் அமெரிக்க மருத்துவமனைகள் முக்கியமாக மதிக்கிற சான்றிதழ்கள் இரண்டு. அமெரிக்காவின் ஆக்டிஸ் (ACDIS) அமைப்பு தருகிற சிசிடிஎஸ் (CCDS) ஒன்று, அங்குள்ள அஹிமா (AHIMA) அமைப்பு தருகிற சிடிஐபி (CDIP) இன்னொன்று. வெளிநோயாளி பக்கம் ஏஏபிசி (AAPC) அமைப்பின் சிடிஇஓ (CDEO) போன்றவையும் உண்டு, அது தனிக் கதை. இவற்றை அந்தந்த அமைப்புதான் தேர்வு வைத்துத் தர முடியும். கோவை காந்திபுரத்தில் உள்ள பயிற்சி நிலையம் அந்தத் தேர்வுக்கு உங்களைத் தயார் செய்யலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் டிரைவிங் ஸ்கூல் கொடுக்கிற தாள் ஆர்டிஓ லைசென்ஸ் ஆகிவிடாது.

அடுத்தது, எனக்கு ஆற்றாமையாக இருக்கிற விஷயம். முதலில் சான்றிதழ், அப்புறம் வேலை என்று எல்லாரும் நம்புகிறார்கள். சிசிடிஎஸ் தேர்வு எழுதவே சிடிஐ வேலையில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். சிடிஐ வேலையில் என்பதைக் கவனியுங்கள். வார்டில் பார்த்த வருடங்கள் அந்தக் கணக்கில் வராது, சிபிசி (CPC) என்கிற மெடிக்கல் கோடிங் சான்றிதழ் முடித்துவிட்டு ரேடியாலஜி சார்ட்டுக்குக் கோடு, அதாவது நோய்க்கும் சிகிச்சைக்குமான குறியீடு, போட்ட வருடங்களும் வராது. வேலையில் சேர்ந்து, இரண்டு வருடம் சார்ட் படித்து, டாக்டர்களுக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, எழுதி, அதன் பிறகுதான் தேர்வு. சிடிஐபிக்கு வாசல் கொஞ்சம் அகலம், பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் 2 வருட அனுபவம் இருப்பது நல்லது என்று அஹிமாவே சொல்கிறது. அந்தத் தேர்வில் 140 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நோயாளி சார்ட்டைக் கண்ணால் பார்க்காதவருக்கு 45 நாளில் அது கை வராது.

சரி, அந்தப் பெண்ணிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். 70 வயது அம்மா, 102 டிகிரி காய்ச்சல், பிபி 86/50, ரத்தத்தில் லாக்டேட் 4.1 (இயல்பைவிட அதிகம்), ப்ளட் கல்ச்சர் போயிருக்கிறது, ஐவி ஆன்டிபயாடிக் ஓடுகிறது. டாக்டர் நோட்டில் 'யூரோசெப்சிஸ்' என்கிற தெளிவில்லாத சொல் மட்டும் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? "செப்சிஸ்னு எழுதச் சொல்லி டாக்டருக்கு க்வெரி போடுவேனுங்க, அப்பத்தான் பில் கூடும்." வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது, அந்தப் பெண் மேல் இல்லை. யூரோசெப்சிஸ் என்றால் செப்சிஸ் (தொற்றால் உடல் முழுவதும் ஆபத்துக்குப் போகிற நிலை) என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்குக் கோடு கிடையாது, டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஐசிடி-10-சிஎம் என்கிற அமெரிக்க நோய்க் குறியீட்டு விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. சார்ட்டில் உள்ள அறிகுறி, லேப், சிகிச்சை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்து, செப்சிஸா, சிறுநீர்ப்பாதைத் தொற்று மட்டுமா, வேறு ஏதாவதா, சொல்ல இயலவில்லையா என்று விட்டுவிட வேண்டும். பதிலை நாம் வாயில் ஊட்டக் கூடாது. பணத்தைப் பற்றி அந்த க்வெரியில் ஒரு சொல் வரக் கூடாது. ஆக்டிஸும் அஹிமாவும் சேர்ந்து 2022இல் புதுப்பித்த க்வெரி வழிகாட்டியில் இதெல்லாம் இருக்கிறது, அதைப் படிக்காமல் வகுப்பெடுக்கிறவர்களை என்ன சொல்வது? பில்லை ஏற்றுவது சிடிஐ அல்ல. டாக்டர் செப்சிஸ் என்று எழுதியும் சார்ட்டில் ஆதாரம் இல்லையென்றால் அதற்கும் நாம்தான் கேள்வி எழுப்ப வேண்டும், தொகை குறைந்தாலும் சரி. ஆதாரமில்லாத நோயைக் காட்டி அரசுக் காப்பீட்டில் பணம் கோரினால் பொய்க் கோரிக்கைகளுக்கு எதிரான அமெரிக்கச் சட்டமான ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் அந்த மருத்துவமனையின் கழுத்துக்கு வரும்.

இவ்வளவுக்கும் அந்தப் பெண்ணுக்கு லாக்டேட் 4.1 என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐசியுவில் கற்றது அது, இந்த வேலைக்கு நிஜமான முதலும் அதுதான். நர்சிங், ஃபிசியோ, பிடிஎஸ் படித்த பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள், உங்கள் கையில் இருப்பதை விட்டுவிட்டு ஒரு அட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள் கண்ணுகளா. சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் நிறுவனங்களில் சிடிஐ டிரெய்னி வேலை வருகிறதா என்று பாருங்கள். கோடிங் வழியாக வருபவர்கள் ஐபி-டிஆர்ஜி, அதாவது உள்நோயாளி கோடிங், பக்கம் மாற முயற்சி செய்யுங்கள், உள்நோயாளி சார்ட்டை முழுசாகப் படிக்கிற பழக்கம் அங்கேதான் வரும். டாக்டர் வெறும் ஹார்ட் ஃபெயிலியர் என்று எழுதியிருந்தால் கோடு ஐ50.9, அக்யூட் சிஸ்டாலிக் என்றால் ஐ50.21. இந்த ஒரு வித்தியாசம் சார்ட்டில் எந்தெந்த இடத்தில் ஒளிந்திருக்கும் என்று தேடிப் பழகுங்கள், எக்கோ ரிப்போர்ட்டில் இருந்து தொடங்குங்கள்.

பணம் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், சான்றிதழ் தருவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். தேர்வுக் கட்டணம் இதில் சேர்த்தியா என்று கேளுங்கள். தகுதி விதியை அமைப்பின் சொந்த இணையதளத்தில் நீங்களே படியுங்கள், அண்ணன் சொன்னார், சீனியர் சொன்னார் வேண்டாம். வகுப்பெடுப்பவர் சிபிசி வைத்திருப்பதாகச் சொன்னால் உறுப்பினர் எண்ணைக் கேட்டு ஏஏபிசி தளத்தில் சரிபாருங்கள். வேலை உத்தரவாதம் என்பவரிடம், எந்த நிறுவனம், என்ன பதவி, எத்தனை மாதத்துக்குள் என்று கேளுங்கள், பதில் தெரிந்துவிடும். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ரசீதையும், அவர்கள் அனுப்பிய விளம்பரத்தையும், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915க்குக் கூப்பிடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம்.