ஜெயித்து வந்த குதிரையையும் தொட்டுப் பாருங்கள்

பந்தயத்துக்கு மறுநாள் காலையில் லாயத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்ற குதிரையைத்தான் என்னிடம் காட்டுகிறார்கள். ஏன் ஓடவில்லை, எங்கே வலி என்று கேட்கிறார்கள். ஜெயித்தது பக்கத்துக் கொட்டடியில் நிற்கும். அதைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. குதிரை மருத்துவராக எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பழக்கம்தான்.

பிளாக் கேவியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் இந்தப் பெண் குதிரை 2009 முதல் 2013 வரை 25 பந்தயங்களில் ஓடி, 25-லும் முதலில் வந்தது. அவற்றில் 15 குரூப் ஒன், அதாவது உச்சத் தரப் பந்தயங்கள். 2012 ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் ராயல் அஸ்காட்டில், டைமண்ட் ஜூபிலி ஸ்டேக்ஸில் ஓடியது. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஜாக்கி லூக் நோலன் கையைத் தளர்த்த, மூன்லைட் கிளவுட் என்ற குதிரை ஒட்டி வந்துவிட்டது. ஒரு தலை வித்தியாசத்தில் தப்பித்தது பிளாக் கேவியர். எல்லோரும் ஜாக்கியைத்தான் பேசினார்கள். அப்புறம் பரிசோதித்துப் பார்த்தால், பின்னங்கால் தொடைத் தசையில் பெரிய கிழிசல், இடுப்புப் பக்கம் இன்னொரு சின்னக் கிழிசல். அந்தக் காயத்தோடுதான் கோட்டைத் தாண்டியிருக்கிறது.

குதிரை இரையாகும் விலங்கு. காட்டில் வலியைக் காட்டினால் வேட்டை மிருகம் அதைத்தான் குறிவைக்கும். அதனால் மறைக்கும். ஓட்டத்தின் வேகத்தில் சுரக்கும் அட்ரினலின் மிச்ச வலியையும் மூடிவிடும்.

நான் பார்த்த ஒரு நான்கு வயதுப் பெண் குதிரை. முந்தின நாள்தான் ஜெயித்திருந்தது. தொட்டியில் ஓட்ஸ் பாதி அப்படியே கிடந்தது. முதுகில் கை வைத்து வால் பக்கமாக அழுத்திக்கொண்டே போனேன். இடுப்புக்கு வந்ததும் தோல் சிலிர்த்து, உடம்பு சட்டென்று கீழே தாழ்ந்தது. நடக்கவிட்டால் நொண்டல் இல்லை. கெட்டித் தரையில் துள்ளுநடையில் விட்டபோதுதான் இடது பின்னங்காலின் எட்டு குட்டையாக விழுந்தது தெரிந்தது. அடுத்த வாரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே எடுத்துவிட்டார்கள், அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

பந்தயம் முடிந்த இரண்டு நாளும் இப்படித் தொட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சேணம் போடும்போது காதை மடக்குகிறதா, தீவனத்தை மிச்சம் வைக்கிறதா என்பதை லாயத்துப் பையனே சொல்லிவிடுவான். அவனைக் கேளுங்கள்.

பிளாக் கேவியருக்குப் பயிற்சியாளர் பீட்டர் மூடி மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தார். 2013 பிப்ரவரியில் திரும்பி வந்து, இன்னும் மூன்று பந்தயங்களை ஜெயித்துவிட்டு, ஏப்ரலில் ஓய்வு பெற்றது. என்னைப் பொறுத்தவரை காயத்துக்குப் பிறகு அந்த மாதக்கணக்கான ஓய்வைக் கொடுத்ததுதான் மூடி செய்த பெரிய காரியம்.

பிளாக் கேவியரின் முடிவும் ஒரு பாடம்தான். 2024 ஆகஸ்ட் 17, பதினெட்டு வயது நிறைய ஒரு நாள் பாக்கி. குட்டி போட்டிருந்த நேரம், அதற்கு முன்பே மடிநோய் வந்து சிகிச்சை நடந்தது. நோய் குளம்புக்கு இறங்கி லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் ஆனது. வேதனையோடு வைத்திருக்க முடியாமல் கருணைக்கொலை செய்தார்கள்.

உடம்பில் எங்கோ கிருமி பரவினாலும் குதிரைக்குக் குளம்பில் அடி விழலாம். குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கி விட்டுப்போகும். முழு எடையும் மேலே இருப்பதால் எலும்பு திரும்பும், அல்லது கீழே இறங்கும். அதன்பின் நம்மால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஆகவே குட்டி போட்ட குதிரைக்கு மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழவில்லை, மடி சூடாக வீங்கியிருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் தினமும் பல முறை குளம்பைத் தொடுங்கள். சூடு ஏறியிருக்கிறதா? குளம்புக்கு மேலே நாடி தெறிக்கிறதா? முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் போட்டு நிற்கிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாலு காலையும் ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிட்டு, ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.