கண்ணாடி நியூரானும் கை தட்டாத குழந்தையும்

“இவனுக்கு மிரர் நியூரான் வேலை செய்யலையாம். அதைத் தூண்டிவிட மருந்து இருக்கா மேடம்?” பேச்சு சிகிச்சைக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் இப்போதெல்லாம் அடிக்கடி இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். யூடியூபில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் யாரோ அனுப்பிய செய்தியாக இருக்கும். அப்படி ஒரு மருந்து கிடையாது. மிரர் நியூரான், அதாவது கண்ணாடி நியூரான் என்பது, ஒன்றைச் செய்யும்போதும் அதையே பிறர் செய்யப் பார்க்கும்போதும் செயல்படும் மூளை நரம்புச் செல். ஒரு தனிக் குழந்தையின் கண்ணாடி நியூரான்களை அளந்து ‘குறைவு’ என்று சொல்லும் பரிசோதனையும் கிடையாது. அவற்றைத் ‘தூண்டும்’ பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால், எதை வைத்து அளந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கண்டுபிடிப்பு என்னவோ உண்மையானது, அழகானதும்கூட. இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசோலாட்டியின் குழு, மக்காக் குரங்குகளின் மூளையில் கை அசைவோடு தொடர்புள்ள எஃப்5 பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தது. குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது தூண்டப்படும் சில நியூரான்கள், எதிரே இருக்கும் ஆய்வாளர் அதே பொருளை எடுப்பதைக் குரங்கு சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதும் தூண்டப்பட்டன. 1992இல் முதல் கட்டுரை வந்தது, 1996இல் அவற்றுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. வேர்க்கடலையை உடைக்கும் ஓசை காதில் விழுந்தாலே சில நியூரான்கள் செயல்படுகின்றன என்று 2002இல் தெரியவந்தது. மனித மூளையில் இவற்றை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்வது எளிதல்ல. வலிப்பு நோய் சிகிச்சைக்காக ஏற்கெனவே மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 21 பேரிடம் அதைச் செய்து 2010இல் வெளியிட்டார்கள். பார்க்கும்போதும் செய்யும்போதும் ஒருங்கே செயல்படும் செல்கள் மனிதர்களிடமும் இருந்தன.

இடையில் 2000இல், உயிரியலுக்கு டிஎன்ஏ எப்படியோ உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் அப்படி இருக்கும் என்று நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் எழுதினார். அதற்குப் பிறகு பரிவு, மொழி, நாகரிகம் என்று எல்லாவற்றையும் இந்தச் செல்களின் தலையில் கட்டிவிட்டார்கள்.

மொழியை எடுத்துக்கொள்வோம், அதுதான் என் தொழில். குரங்கின் எஃப்5 பகுதிக்கு இணையாக மனித மூளையில் சொல்லப்படுவது, பேசுவதோடு தொடர்புள்ள புரோக்கா பகுதி. பிறர் பேசும் ஒலிகளை, நம் வாயை அசைக்கும் அதே நரம்பமைப்பின் வழியாகத்தான் நாம் புரிந்துகொள்கிறோம் என்பது வாதம். பக்கவாதத்தால் அந்தப் பகுதியும் அதைச் சுற்றியுள்ள இடமும் சேதமானவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதில் சந்தேகம் வந்துவிடும். “தண்ணீர்” என்று சொல்ல முகம் சிவக்கப் போராடுவார். “தண்ணீர் டம்ளர் எது?” என்று கேட்டால் சட்டென்று சரியாகக் காட்டுவார். சிக்கலான வாக்கியங்களில் தடுமாறுவார்தான். ஆனால் பேச முடியாததால் புரியாமலும் போய்விடவில்லை. கிரகரி ஹிக்காக் போன்ற விமர்சகர்கள் முன்வைக்கும் முக்கியமான ஆட்சேபங்களில் இதுவும் ஒன்று. வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஆராய்ச்சிச் சண்டை மட்டும் அல்ல. அவர் முன்னிலையிலேயே, அவருக்குப் புரியாது என்று நினைத்து, அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

பரிவு விஷயத்திலும் அவசரம் வேண்டாம். தன் துணைக்கு வலிக்கிறது என்று அறியும்போது பெண்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று 2004இல் தானியா சிங்கர் குழு பார்த்தது. இன்சுலாவின் முன்பகுதி, சிங்குலேட் போன்ற இடங்கள் தன் வலிக்கும் துணையின் வலிக்கும் செயல்பட்டன. இவை கை அசைவுக்கான அந்தப் பழைய கண்ணாடிப் பகுதிகள் அல்ல. ‘ஆட்டிசம் என்றால் உடைந்த கண்ணாடி’, அதாவது கண்ணாடி நியூரான்கள் சரியாக வேலை செய்யாததே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருதுகோளுக்கும் ஆய்வுகள் உறுதியான ஆதரவு தரவில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. ஒரு குழந்தைக்கு உங்கள் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை என்பது ஒன்று, உங்கள் மேல் அக்கறை இல்லை என்பது வேறொன்று. அம்மா அழுதால் காதைப் பொத்திக்கொண்டு அறையின் மூலைக்கு ஓடும் பிள்ளையை ‘உணர்ச்சியே இல்லாதவன்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

கற்றலைப் பற்றித்தான் இந்த ஆய்வுகளில் எனக்குப் பயன்பட்ட செய்தி இருக்கிறது. கண்ணாடி நியூரான்கள் பிறவியிலேயே இப்படி அமைந்தவை அல்ல, ஒன்றைச் செய்வதும் அதையே பார்ப்பதும் திரும்பத் திரும்பச் சேர்ந்து நிகழ்வதால் உருவாகின்றன என்கிறார் உளவியலாளர் சிசிலியா ஹேய்ஸ். 2007இல் வந்த ஒரு சோதனையில், ஆள்காட்டி விரல் அசைவதைப் பார்க்கும்போது சுண்டுவிரலை அசைக்கும்படி சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு, வெறுமனே ஆள்காட்டி விரலைப் பார்த்தாலே சுண்டுவிரல் தசை தயாரானது. அனுபவம் இந்தத் தொடர்பை மாற்றியமைக்கிறது என்றால், வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது.

“கை தட்டு, கை தட்டு” என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே தட்டிக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். தரையில், அவன் கண்மட்டத்தில் உட்காருங்கள். அவன் மூடியை மேசையில் தட்டுகிறானா? நீங்களும் ஒரு மூடியை எடுத்து அதே வேகத்தில் தட்டுங்கள். அவன் நிறுத்தினால் நிறுத்துங்கள். “ஊ” என்றால் “ஊ” என்று திருப்பிச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் முதல் நாளே நிமிர்ந்து பார்ப்பார்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். நிமிர்ந்து பார்த்து, வேண்டுமென்றே இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு உங்களையே கவனிப்பான் பாருங்கள், அங்கிருந்துதான் முறை வைத்து ‘பேசுவது’ தொடங்குகிறது. அதன் பிறகு தட்டலைச் சற்று மாற்றிப் பார்க்கலாம்.

‘பார்த்துக் கற்றுக்கொள்வான்’ என்று கைப்பேசியைக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. பாட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடியவரிடமிருந்து சீன மொழி ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே நபர்களை வீடியோவில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை.

12 மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்காதது, எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோவது: இவற்றில் ஏதாவது இருந்தால் ‘பையன்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்’ என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள், கூடவே செவித்திறன் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளையும் கதவு சத்தத்துக்குத் திரும்பும்.