தோட்டா வேறு, உண்டை வேறு

"மார்பில் தோட்டா பாய்ந்தது" என்று செய்தியில் வந்தால் குமரி மாவட்டக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர் அவர். ஒருநாள் சுட்டு முடித்த உறை ஒன்றை என் கையில் போட்டார். "மக்ளே, தோட்டா இந்தா கெடக்கு. பாஞ்சது உண்டையாக்கும்." கட்டைவிரல் தடிமனில் சிவப்பு பிளாஸ்டிக் குழல், அடியில் பித்தளை மூடி, அதன் நடுவில் ஊசி குத்திய பள்ளம். மருந்து வாடை இன்னும் போகவில்லை.

அவர் சொன்னது சரிதான். தோட்டா என்பது பொட்டலம். அடியில் தீப்பொறி தரும் கேப், அதன்மேல் வெடிமருந்து, நடுவில் ஓர் அடைப்பு, மேலே ஈய உண்டைகள். சுட்டதும் பறப்பது உண்டைகளும் அடைப்பும்தான். உறை துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

சொல் உருது, இந்தி வழியாக வந்தது. அங்கே 'டோட்டா' என்றால் வெட்டிய மூங்கில் துண்டு, எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தி, அப்புறம் துப்பாக்கித் தோட்டா. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உருவம்தான் பெயர் கொடுத்திருக்கும் என்று தோன்றுகிறது. இந்தியில் இதற்கே 'கார்தூஸ்' என்றும் பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தச் சொல்லின் வேர் காகிதம். மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிக் கட்டிய காலத்தின் மிச்சம் அது. பாறை உடைக்கிறவர்களும் தங்கள் வெடிச் சுருளைத் தோட்டா என்பார்கள்.

உள்ளே இருக்கும் மணிகளுக்குத்தான் பெயர் ஏராளம். செய்தித்தாளில் 'பால்ரஸ் குண்டு', இலங்கைத் தமிழில் 'ரவை', 'சன்னம்'. என் ஓட்டு உண்டைக்கு. இராமன் சிறுவயதில் வில்லால் அடித்த மண்ணுருண்டையைக் கூனி மறக்கவே இல்லை; கம்பர் அதை 'வில் உமிழ் உண்டை' என்கிறார். களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் இன்றும் 'வெடியுண்ட'தான். நம் மாவட்டத்துக்காரர் நாக்கில் அது ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

துப்பாக்கிக் குழலின் அளவைச் சொல்லும் '12 போர்' (bore) என்பதிலும் ஓர் உண்டைக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஒவ்வொன்றும் அந்தக் குழலின் விட்டத்துக்குச் சரியாக இருக்கும், சுமார் 18.5 மி.மீ.

வீட்டைக் காக்க எந்தத் தோட்டா என்ற பேச்சும் உண்மையில் எந்த உண்டை என்பதுதான். பறவைக்கு உரிய பொடி உண்டை போதுமா, மானுக்கு உரிய பருமனான உண்டை வேண்டுமா என்று அமெரிக்காவில் ஓயாமல் வாதிடுவார்கள். அங்கே 'இரட்டைச் சுழி' (00) எனப்படும் உண்டை 8.4 மி.மீ. பருமன், வழக்கமான தோட்டாவில் ஒன்பது இருக்கும். அந்நாட்டின் எஃப்.பி.ஐ. சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து 12 முதல் 18 அங்குல ஆழம் கேட்கிறது. பொடி உண்டை பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் பெரிய உண்டை அவர்களுடைய ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். நம் ஊர்ச் செங்கல் சுவர் தாங்கும். ஜன்னலும் பலகைக் கதவும் தாங்குமா? அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இங்கே விற்கும் தோட்டாக்களில் பெரிய உண்டைக்கு எல்.ஜி., எஸ்.ஜி. என்று எழுத்தும், சின்ன உண்டைக்கு எண்ணும் போட்டிருக்கும். எண் கூடினால் உண்டை சிறுக்கும். ஒரே பெட்டித் தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு விதமாகச் சிதறும். அதனால் வீட்டுக்குள் இருக்கும் மிக நீண்ட தூரத்தை அளந்து, அதே தூரத்தில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும். கொல்லையில் அல்ல, அனுமதி பெற்ற சுடுதளத்தில். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

தோட்டாவை 'வெடியுறை' என்று மாற்றலாம்தான். எனக்குச் சம்மதமில்லை. உறை என்றதும் மாமா கையில் போட்ட காலிக் குழல்தான் நினைவுக்கு வருகிறது. தோட்டா நம் சொல்லாகிவிட்டது, இருக்கட்டும். பாய்கிற இடத்தில் மட்டும் உண்டை என்று எழுதுவோம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பழைய காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் நுழையாது. பித்தளை பச்சை பூக்கும். மாமா ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துத்தான் பெட்டியில் அடுக்குவார். தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். அப்போதும் அந்தச் சிவப்பு உறை மட்டும் ஜன்னல் விளிம்பில் நிற்கும், உள்ளே அத்தை செருகிய ஊதுவத்தியோடு.