இசிவு: அடைப்பில்லாமல் வரும் நெஞ்சு வலி

"அடைப்பைத்தான் சரி செய்தாச்சே, அப்புறம் ஏன் வலி?" இதய ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலையான ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இந்தக் கேள்வி எழும்போது, டாக்டர் சில நேரம் சொல்லும் பதில் 'ஸ்பாசம்'. கேட்பவர் காதில் அது இன்னொரு அடைப்பாகவே விழுகிறது. அது வேறு, இது வேறு.

ஸ்பாசம் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'இழு' என்று பொருள்படும் 'ஸ்பான்' என்ற வினைதான் அதன் வேர். தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. துடுப்பு வலித்தல் என்றால் துடுப்பை இழுத்தல். அந்த வலித்தலிலிருந்து வலிப்பு. இசித்தல் என்றாலும் இழுத்தல்தான், அதிலிருந்து இசிவு.

ஸ்பாசத்துக்குத் தமிழில் இவற்றில் எதை எடுப்பது? வலிப்பு என்றால் காக்காய் வலிப்பு நினைவுக்கு வரும். இழுப்பு மூச்சிரைப்புக்குப் போய்விட்டது. பிடிப்பு என்று சொல்லத்தான் எனக்குப் பயம்: வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஆகவே 'இதயத் தமனி இசிவு' என்பதே சரி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இந்தத் தமனிகள் அதை மகுடம் போலச் சுற்றியிருப்பதால் ஆங்கிலத்தில் கரோனரி என்று பெயர். லத்தீனில் கொரோனா என்றால் மகுடம். இலங்கைத் தமிழில் இந்தத் தமனியை 'முடியுரு நாடி' என்பார்கள். எவ்வளவு அழகான சொல்!

தமனிச் சுவரின் மென்தசை திடீரென இறுகுவதுதான் இசிவு. ஸ்டென்ட் உள்ள இடத்தை உலோக வலை தாங்கிக்கொள்ளும். அதன் ஓரத்திலோ அதைத் தாண்டியோதான் குழாய் ஒடுங்கும். சிகிச்சையின்போது குழாய்க்குள் செலுத்தும் கம்பி உரசியும் வரலாம். பிற்பாடு, குழாயின் உட்படலம் பழுதாகி, தசையைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்தும் வரலாம். உழைக்கும்போது அல்லாமல் ஓய்வில் வரும் இத்தகைய நெஞ்சு வலியை அமெரிக்க மருத்துவர் பிரின்ஸ்மெட்டல் 1959இல் விவரித்தார். பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வரும்.

ரத்தக் குழாயை எக்ஸ்ரேயில் காட்டும் ஆஞ்சியோ திரையில் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஸ்டென்ட்டைத் தாண்டி நூலாக மெலிந்திருக்கும் குழாய், குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் மருந்து உள்ளே போனதும் ஓரிரு நிமிடத்தில் விரிந்துவிடும். கொழுப்புப் படிவு இப்படி விலகாது.

ஆனால் திரை இல்லாத வீட்டில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தாலும் இதே வலிதான். இசிவு நீடித்தாலும் மாரடைப்பு வரும். வலி வந்தால் 108ஐ அழையுங்கள். பெயரை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம்.