மோக்கன் பிள்ளைகளின் கண்ணும் பஜாவ் மக்களின் மண்ணீரலும்

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும். அடியில் கிடக்கும் காசைக் கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தமான் கடலில், தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் பிள்ளைகள் நீச்சல் கண்ணாடி இல்லாமலே மூழ்கி, கடலடியில் கிடக்கும் சிப்பியையும் கடல் அட்டையையும் பொறுக்கி வருகிறார்கள்.

மோக்கன்கள் கடல் நாடோடிகள். மியான்மரின் மெர்குய் தீவுகளிலிருந்து தாய்லாந்துக் கரை வரை 'கபாங்' எனும் படகிலேயே குடும்பமாகச் சமைத்து, உறங்கி வாழ்ந்தவர்கள். மழைக்காலத்தில் மட்டும் கரையில் குடிசை போடுவார்கள்.

நமக்கு ஏன் மங்கலாகத் தெரிகிறது? கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலம். காற்றிலிருந்து வரும் ஒளிதான் அங்கே நன்றாக வளையும். ஒளியைப் பொறுத்தவரை அந்தப் படலமும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே பொருள் என்பதால், நீருக்குள் அது இருந்தும் இல்லாதது மாதிரிதான். உள்ளே இருக்கும் லென்ஸ் மட்டுமே மிச்சம்.

சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் இந்தப் பிள்ளைகளைச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார். நீருக்குள் அவர்களுடைய பார்வை ஐரோப்பியப் பிள்ளைகளுடையதைவிட இரண்டு மடங்கு கூர்மை. மற்றவர்களின் கண்மணி 2.5 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும்போது மோக்கன் பிள்ளைகளுக்கு அது 1.96 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியே பார்த்தால் மங்கலான எழுத்து தெளியுமே, அதே கதைதான். கூடவே லென்ஸையும் முடிந்த மட்டும் குவிக்கிறார்கள்.

சரி, இது பிறவியிலேயே வந்ததா? இல்லை. சுவீடன் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் 11 முறை பயிற்சி கொடுத்தார்கள். அவர்களும் மோக்கன் பிள்ளைகள் அளவுக்குப் பார்க்கத் தேறிவிட்டார்கள். இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அந்தக் கண் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, கடலில் இறங்கும் பிள்ளைதான் அதைப் பழக்கிக்கொள்கிறது.

இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் வாழும் பஜாவ் மக்களின் கதை வேறு. மரச்சட்டம் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, 70 மீட்டர் ஆழம் வரைகூடப் போகிறவர்கள் அவர்கள். மூச்சடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு குறையும். கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மண்ணீரலும் சுருங்கி, தான் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்துக்குள் தள்ளும். அந்த அளவுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும். இது மனித உடலுக்குப் பொது. நம் கடலோரத்தில் சங்கு குளித்தவர்களுக்கும், கிணற்றில் முங்கிய எனக்கும் நடந்ததுதான்.

பஜாவ் மக்களுக்கு அந்த மண்ணீரலே பெரியது. ஆய்வாளர் மெலிசா இலார்டோ குழுவினர் இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் ஸ்கேன் செய்து பார்த்து 2018இல் எழுதினார்கள்: பக்கத்தில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களைவிட சுமார் 50 சதவீதம் பெரிது. மூழ்கும் தொழிலுக்கே போகாத பஜாவ்களுக்கும் அப்படித்தான். ஆகவே இது பழக்கத்தால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது. தைராய்டு சுரப்போடு தொடர்புள்ள பிடிஈ10ஏ எனும் மரபணுவின் ஒரு வடிவம் இவர்களிடம் அதிகம். பெரிய மண்ணீரலோடு அது சேர்ந்து வருகிறது. கடலோடு வாழ்ந்த தலைமுறைகளில் அந்த வடிவம் பெருகியிருக்கிறது.

மரபணு தானாகப் பிள்ளைக்குப் போய்விடும். மோக்கன் கண் அப்படிப் போகாது. கதையும் அப்படித்தான், யாராவது சொன்னால்தான் உண்டு. 2004 டிசம்பரில் கடல் உள்வாங்கியபோது, ஆளை விழுங்கும் 'லபூன்' அலையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த சுரின் தீவு மோக்கன்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஊர் அழிந்தது, மக்கள் பிழைத்தார்கள்.

அப்புறம் கரையில் ஒரே இடத்தில் வீடுகள் கட்டப்பட்டன. அந்தத் தீவுகள் இப்போது தேசியப் பூங்கா. கபாங் செய்யப் பெரிய மரம் வேண்டும், அதை வெட்ட அங்கே அனுமதி இல்லை. படகில் பிறந்து வளரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.