ரயர்: சொல்லும் காற்றும்

யாழ்ப்பாணத்தில் ரயர் என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டில் டயர். இலக்கணம் பார்த்தால் ர, ட இரண்டுமே சொல்லுக்கு முதலில் வரக்கூடாத எழுத்துகள். ஆகவே அதில் சண்டை வேண்டாம்.

ஆங்கிலத்தில் உடை, அணி என்று பொருள்படும் 'அற்றயர்' என்பதன் குறுக்கமே இது என்பர். மரச் சில்லுக்கு உடுத்திய இரும்பு வளையத்தைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். எங்கள் மாட்டு வண்டிலிலும் அதே வளையம்தான்: காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி வட்டையை இறுக்கிக்கொள்ளும். காற்றடைத்த ரயருக்கு 1845இல் ரொபேட் வில்லியம் தொம்சன் காப்புரிமை பெற்றும் அது எடுபடவில்லை. 1888இல் பெல்பாஸ்ற்றில் ஜோன் பொய்ட் டன்லொப் சைக்கிளுக்குச் செய்த பிறகே பரவியது.

தமிழில் உருளிப்பட்டை, வட்டகை என்றெல்லாம் எழுதுகிறார்கள். பட்டை வண்டிலுக்குப் பொருந்தும். காரின் சுமையைத் தாங்குவதோ உள்ளே அடைபட்ட காற்று. எழுத்தில் உருளிப்பட்டை இருக்கட்டும், பேச்சில் ரயர் போகாது. காற்றமுக்கம் (காற்றழுத்தம்) என்ற நல்ல சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. பழைய கார் வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம்.

தொடக்கக் கார்களின் ஒடுங்கிய ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் (பவுண்ட்) அளவுக்குக் காற்று வேண்டியிருந்தது. 1923 அளவில் வந்த அகன்ற 'பலூன்' ரயர்கள் அதைப் பாதியாக்கின. 1948இல் வந்த மொறிஸ் மைனர் என்ற சிறிய ஆங்கிலேயக் காருக்கு 22 இறாத்தலை ஒட்டிய அமுக்கமே போதும். அதன் ரயர் 5.00-14, அதாவது அகலம் 5 அங்குலம், றிம்மின் விட்டம் 14 அங்குலம்.

அந்த மைனரின் 918 சிசி எஞ்சினுக்கு 30 குதிரைவலுகூட இல்லை. காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். இருக்கிற வலுவும் சூடாகிப் போய்விடும். கார் இழுக்காது, சுக்கான் கனக்கும், ரயரின் இரு ஓரமும் தேயும். கூட அடித்தாலோ லேசாக உருளும், ஆனால் நடுப்பகுதி தேயும், குழி றோட்டில் துள்ளும். வெயிலில் ஓடி வந்த கையோடு அளந்து, "கூடிப்போச்சு" என்று காற்றைத் திறந்துவிடுபவர்கள் இங்கே உண்டு. ஆறியதும் அது காற்றுக் குறைந்த ரயர். காலையில், கார் ஓடமுதல் அளக்க வேணும்.

பெரிய ரயர் பார்வைக்கு எடுப்பு, சரி. ஆனால் புறப்படும்போது எஞ்சின் திணறும், வேகமானியும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

அப்புறம் றேடியல், அதாவது உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ரயர். மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்றது. பழைய கையேட்டில் உள்ள அமுக்க எண், உள்ளிழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும் குறுக்கிழை ரயருக்கு உரியது. றேடியலுக்குச் சற்றுக் கூட வேணும். இரண்டையும் கலக்கக் கூடாது. முன்னுக்கு றேடியலும் பின்னுக்குக் குறுக்கிழையும் பூட்டினால் வளைவில் பின்பக்கம் வழுக்கி விலகும்.