'மீசோகோலன்' நடுக்குடல் அன்று; பெருங்குடல்தாங்கி

பெருங்குடல் அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் தமிழ்ப் படிவங்களிலும், வீடு திரும்பும் நோயாளியின் கையில் தரப்படும் குறிப்புகளிலும் 'மீசோகோலன்' என்பதை 'நடுக்குடல்' என்று எழுதும் வழக்கம் தருமபுரிப் பகுதியில் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. நலக்கல்விக் கூட்டங்களிலும் அச்சொல்லே ஒலிக்கிறது. இது தமிழாக்கம் அன்று. உடலின் வேறோர் உறுப்பின் பெயரை எடுத்து இதற்குச் சூட்டிய பிழை.

மீசோகோலன் என்பது பெருங்குடலை வயிற்றின் பின்சுவரோடு இணைத்துத் தாங்கும் திசு மடிப்பு. பெருங்குடலுக்குச் செல்லும் தமனிகளும் அங்கிருந்து திரும்பும் சிரைகளும் நரம்புகளும் நிணநீர்க் கணுக்களும் கொழுப்பும் அதற்குள்தான் இருக்கின்றன. கிரேக்கத்தில் 'மீசோஸ்' என்றால் நடு, 'கோலன்' என்றால் பெருங்குடல். ஆனால் உடற்கூற்றியலில் வயிற்று உறுப்புகளின் பெயரோடு சேரும்போது 'மீசோ' என்னும் முன்னொட்டு பெரும்பாலும் அவ்வுறுப்பைத் தாங்கும் மடிப்பு என்ற பொருளையே தருகிறது. குடல்வாலைத் தாங்கும் மடிப்புக்கும், மலக்குடலைச் சூழ்ந்த திசுவுக்கும், கருக்குழாயைத் தாங்கும் மடிப்புக்கும் இதே முன்னொட்டுத்தான். அவற்றையெல்லாம் நடுக்குடல்வால், நடுமலக்குடல், நடுக்கருக்குழாய் என்று எழுத எவரும் துணியமாட்டார். மீசோகோலனில் மட்டும் ஏன் துணிந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

நடுக்குடல் என்ற சொல் தமிழ் மருத்துவ எழுத்தில் இடமின்றி அலையும் சொல்லும் அன்று. கருவில் குடல் உருவாகும்போது அது முன்குடல், நடுக்குடல், பின்குடல் என மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. முன்சிறுகுடலின் பிற்பகுதி தொடங்கிக் குறுக்குப் பெருங்குடலின் முதல் மூன்றில் இரு பங்கு வரை உள்ளது நடுக்குடலிலிருந்து வளர்ந்தது; எஞ்சிய பெருங்குடல் பின்குடலிலிருந்து வளர்ந்தது. ஆகவே, நெளிபெருங்குடலை, அதாவது மலக்குடலுக்குச் சற்று முன்னுள்ள வளைந்த பெருங்குடற்பகுதியைத் தாங்கும் மடிப்பை நடுக்குடல் என்று அழைப்பவர் பின்குடலைச் சேர்ந்த ஒன்றுக்கு நடுக்குடல் என்று பெயர் வைக்கிறார். இந்தக் குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை. நடுக்குடல் முறுக்கம் என்பது, கருவில் குடல் சரியாகச் சுழன்று அமையாததால் பெரும்பாலும் பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் அவசர நிலை. குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும். நெளிபெருங்குடல் முறுக்கமோ பெரும்பாலும் முதியோருக்கு வருவது. நெளிபெருங்குடல் நீண்டு, அதன் தாங்குமடிப்பின் அடிப்பகுதி குறுகியிருக்கும்போது குடல் அந்த அச்சைச் சுற்றித் திருகிக்கொள்கிறது. வயிறு உப்புகிறது, காற்றும் மலமும் வெளியேறாமல் அடைபடுகின்றன. இவ்விரண்டையும் ஒரே பெயரால் எழுதிய குறிப்போடு பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒருவர் வேறு மருத்துவரிடம் சென்றால், அந்த மருத்துவர் எதை நினைப்பார்?

நார்ச்சத்து மிகுந்த உணவு வழக்கமாக உள்ள நாடுகளில் நெளிபெருங்குடல் முறுக்கம் கூடுதலாகக் காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கேழ்வரகுக் களி உண்ணும் நம் மாவட்டத்தார் அதைக் கேட்டுக் களியைக் கைவிட வேண்டியதில்லை. நாள்பட்ட மலச்சிக்கலும் முதுமையும் இந்நோயோடு தொடர்புடையவை என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். அறிவதற்கு நோயின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும்.

புற்றுநோய் அறுவையில் இப்பிழை இன்னும் வருத்துகிறது. பெருங்குடல் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களின் வழியே பரவுவதால், நோயுள்ள குடற்பகுதியை அதன் தாங்குமடிப்போடு கிழிபடாமல் முழுமையாக அகற்றும் முறையை ஜெர்மனியின் அறுவை மருத்துவர் வெர்னர் ஹோகன்பெர்கர் 2009-இல் விரித்துரைத்தார். அவ்வாறு அறுவை செய்துகொண்ட ஒருவரிடம் 'நடுக்குடலும் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தால், தம் குடலில் இன்னொரு பெரும்பகுதி போய்விட்டதாக அவர் அஞ்சுவார். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி. தெலுங்கில் 'நடுமு' என்றாலும் கன்னடத்தில் 'நடு' என்றாலும் இடுப்பு என்ற பொருள் உண்டு. அவர்கள் காதில் இச்சொல் இடுப்பருகே உள்ள குடல் என்றே விழும்.

நான் முன்வைக்கும் சொல் 'பெருங்குடல்தாங்கி'. வேறு சொற்களும் முன்வைக்கப்படுகின்றன. 'குடற்சவ்வு' போதாது, சவ்வு அதன் மேலுறை மட்டுமே, உள்ளிருக்கும் நாளங்களும் கொழுப்பும் கணுக்களும் சவ்வாகா. 'குடற்பிடிப்பு' என்றால் வயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி என்றே எவரும் கொள்வர். 'நடுமடிப்பு' ஓரளவு பொருந்துகிறது, ஆனால் எதன் மடிப்பு என்பதைச் சொல்லவில்லை. தாங்கி என்பது கீழிருந்து சுமப்பதையே குறிக்கும், இதுவோ பின்னிருந்து பிடிக்கிறது என்று தடை சொல்வோருக்கு, இடிதாங்கி எதையும் கீழிருந்து சுமப்பதில்லை என்பதே விடை.

குடல்தாங்கி என்ற பொதுச்சொல்லிலிருந்து சிறுகுடல்தாங்கி, பெருங்குடல்தாங்கி, மலக்குடல்தாங்கி என்று கிளைத்துச் செல்ல முடிவது இதன் பெரிய நன்மை; மேல்குடல்தாங்கித் தமனி, கீழ்குடல்தாங்கித் தமனி என்ற பெயர்களும் இயல்பாக அமைகின்றன. உடற்கூற்று உண்மையும் இதற்குத் துணை நிற்கிறது. ஏறு பெருங்குடலுக்கும் இறங்கு பெருங்குடலுக்கும் தாங்கி உண்டு, அது பின்சுவரோடு படிந்து ஒட்டியிருக்கிறது என்று ஆஸ்திரியாவின் உடற்கூற்றியலர் கார்ல் டோல்ட் 1879-இல் காட்டினார். 1885-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் பெரும்பாலோரிடம் அது இல்லை என்று எழுத, பாடநூல்கள் நெடுங்காலம் அவரையே பின்பற்றின. அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபியும் உடன் பணியாற்றியோரும் 2012-இல் குடல்தாங்கி அறுபடாத ஒரே தொடர்ச்சி என்று நிறுவினர். 2016-இல் அதைத் தனி உறுப்பாகவே கொள்ள வேண்டும் என்று வாதிட்டனர்.

சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் கண்ட முதல் பொருளை ஒட்டிவிட்டு அதைத் தூய தமிழ் என்று நிறுத்துவது தமிழுக்குச் செய்யும் தொண்டு அன்று. தூய்மையை நானும் விரும்புகிறேன். ஆயினும் பிழையான தமிழ்ச்சொல்லைவிட 'மீசோகோலன்' என்று தமிழெழுத்தில் எழுதுவது நேர்மையானது. ஒப்புதல் படிவத்தில் எழுத வேண்டிய வரி எளிது: 'புற்றுநோய் உள்ள பெருங்குடற்பகுதியும், அதைத் தாங்கி அதற்குக் குருதி கொண்டுசெல்லும் பெருங்குடல்தாங்கியும் (மீசோகோலன்) சேர்த்து அகற்றப்படும்.'